பிரேக் போட்ட பிறகு ஓடுகிற தூரம்

பாப்பா,

நீ லோகோ பைலட் ஆனதில் உங்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் முக்கால்வாசி வீட்டுக்கு லட்டு போய்விட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டு எழுத ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் நேரில் நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், நீயும் அதை நம்பியிருப்பாய். வியாழக்கிழமை வேறு ஊருக்குக் கிளம்புகிறாய். இத்தனை நாள் அசிஸ்டென்டாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சிக்னலைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், இனிமேல் பிரேக்கைப் பிடிக்கிற இருக்கையில் உட்காரப் போகிறாய். கூட்ஸ் வண்டிதான், ஆனாலும் அது உன் வண்டி. ஸ்டேஷனில் வைத்து ரெண்டு நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயமாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இந்தக் கவரை ஒட்டாமல்தான் தருகிறேன். உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகளின் அப்பா அம்மா யாராவது கேட்டால் படிக்கக் கொடு. அவர்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். இல்லையென்றால் ஒருநாள் நடக்கும்.

மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் உனக்குத் தெரிந்த சங்கதியையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பல் செட் செய்கிறவன். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் ஸ்டோன் என்கிற கெட்டி மாவைக் கரைத்து ஊற்றி அச்செடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்துக் கொடுப்பேன். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் வாயோடு கிடக்கிற வேலை. அந்த அலுப்புக்கு மாற்றாகத்தான் அரசரடி வீட்டு மாடி ரூமில் ப்ளைவுட் மேசை போட்டு ரயில் ஓட்ட ஆரம்பித்தேன். தண்டவாளமும் என்ஜினும் பெட்டிகளும் காசு கொடுத்து வாங்கியது. மலை, பாலம், பிளாட்பாரம், புளியமரம் எல்லாம் என் பல் லேப்பில் மிஞ்சியதை வைத்து நானே செய்தது. நாகமலை மாதிரி ஒரு மலை வேண்டும் என்று அரை மூட்டை பிளாஸ்டரைத் தீர்த்தேன். பிளாட்பாரத்தில் நிற்கிற ஆட்கள் அத்தனை பேரும் ஈறுக்கு ஊற்றுகிற அக்ரிலிக். எல்லாருக்கும் ரோஸ் நிறத் தோல் என்று நீ கேலி செய்வாய். மேசையைச் சுற்றி ஒரு பாசஞ்சர், ஒரு எக்ஸ்பிரஸ். குமிழைத் திருப்பினால் கிளம்பும், மலையைச் சுற்றி வரும், குமிழை மூடினால் நின்ற இடத்தில் நிற்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

நீ வேலைக்குச் சேர்ந்து கூட்ஸ் வண்டியில் ஏற ஆரம்பித்த புதிதில் ஒருநாள், ஷூவைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு வந்தாய். மேசையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாய்.

"என்னப்பா இது, உங்க ஊர்ல யாருக்கும் அரிசி பருப்பு வேண்டாமா?"

"ஏன் கேக்குற?"

"அம்புட்டு வண்டியும் ஆளை ஏத்திக்கிட்டே சுத்துது. சிமென்ட் யார் கொண்டு வருவா? உரம் யார் கொண்டு வருவா? ஒரு கூட்ஸ் ஷெட் கூட இல்லையேப்பா. உங்க ஜனம் பூரா பட்டினி கிடந்தே செத்துரும்."

அதைக் கேட்டுத்தான் மேசையின் ஒரு மூலையில் கூட்ஸ் ஷெட் வந்தது. அதற்குள் போக ஒரு கிளைத் தண்டவாளம், மெயின் லைனுக்குப் பக்கத்தில் கூட்ஸ் வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன். மூடின வேகன், திறந்த வேகன், டேங்கர் என்று மாதம் ஒன்றிரண்டாக வாங்கினோம். வாங்கினதும் நான் எல்லாவற்றையும் கோத்து மேசையைச் சுற்ற விட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு காரணம் இருக்கணும்ப்பா. எங்க ஏத்துனது, எங்க இறக்கணும், திரும்புறப்ப காலியாப் போகுதா, சரக்கோட போகுதா. சும்மா சுத்துறதுக்குப் பேரு கூட்ஸ் இல்ல" என்றாய். டாக்டர்கள் எனக்கு அனுப்புகிற துண்டுச் சீட்டில் யாருடைய பல், என்ன நிறம், எப்போது வேண்டும் என்று இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை எழுதினோம். அரியலூரிலிருந்து சிமென்ட், தூத்துக்குடியிலிருந்து உரம், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து அரிசி. ஷெட்டில் இறக்கி முடிக்கிற வரைக்கும் வேகன் அங்கேதான் நிற்க வேண்டும், அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. இறக்கினதும் அட்டையைத் திருப்பி வைத்தால் காலி வண்டி. என்ஜினை அந்த முனையிலிருந்து கழற்றி இந்த முனையில் மாட்டுவதற்கே கால் மணி நேரம் ஆகும். அதை அப்படி ரசித்துச் செய்தோம்.

லூப்பில் நிறுத்துவதுதான் எனக்குப் பொறுக்காது. எக்ஸ்பிரஸ் ஒன்று போகும், பாசஞ்சர் ஒன்று போகும், எதிரே இன்னொன்று வரும். சரக்கு வண்டி கிடையாய்க் கிடக்கும். "நகத்தலாமா?" என்பேன். "சிக்னல் விழலையேப்பா" என்பாய். "அதுக்காக இம்புட்டு நேரமா?" என்றால், "இதுதான்ப்பா என் வேலையே. நான் வண்டியில போறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா? பாதி நேரம் எங்கயாவது காட்டுல நின்னுக்கிட்டு இருக்கேன்" என்று சிரிப்பாய். சரக்கு வண்டியில் கனம் வேண்டுமே என்று வேகன்களுக்குள் ஸ்டோனைக் கரைத்து ஊற்றினேன். அதற்குப் பிறகு பாலத்தில் ஏற என்ஜின் திணறியது. உனக்கு அதில் பரம சந்தோஷம். ஒரே ஒரு குறைதான் மிச்சம் என்றாய். குமிழை மூடினதும் வண்டி சட்டென்று நின்றுவிடுகிறது.

"நிறைஞ்ச வண்டி இப்பிடி நிக்கவே நிக்காதுப்பா. பிரேக் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிக்கும். உங்க மேசைக் கணக்குக்குப் பார்த்தா முக்கால் சுத்து வரும். இப்பிடி டக்குனு நின்னா நாங்க எல்லாரும் நிம்மதியாத் தூங்குவோமே."

அதற்கு ஒரு சிப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் நீதான். என்ஜினுக்குள் வைத்துவிட்டு, மூடின பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடி நிற்க வேண்டும் என்று அதில் ஒரு எண்ணைப் பதியலாம். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், நாளாகும் என்றார்கள். சொல்லிவைத்தேன். அது வந்து சேர்வதற்குள் சமயநல்லூர்ப் பக்கம் அது நடந்துவிட்டது.

நீ சொன்னதை ஒரே நாளில் சொல்லவில்லை. துண்டு துண்டாகச் சொன்னாய், நான் சேர்த்துவைத்துப் புரிந்துகொண்டேன். சோழவந்தான் தாண்டி சிமென்ட் வண்டி வந்துகொண்டிருந்தது. மத்தியான வெயில். வளைவு திரும்பினதும் தண்டவாளத்தின் மேல் ஆடுகள். பின்னாலேயே ஓட்டுகிறவர். முதலில் பார்த்தது நீ. கத்திக்கொண்டே ஹாரனை அழுத்தினாய், லோகோ பைலட் சார் எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டார். ஆடுகள் இறங்கிவிட்டன, அவரும் இறங்கிவிட்டார். கருப்புக் குட்டி ஒன்று மட்டும் நடுவில் நின்றது. அவர் திரும்பி ஏறினார். குட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்தார். நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். வண்டி அவரைத் தாண்டியும் வெகுதூரம் ஓடித்தான் நின்றது. நீ இறங்கி, நின்ற வேகன்களை ஒட்டியே பின்னால் நடந்து போனாய். பார்த்தாய். திரும்பி வந்து ஏறினாய். வேலை முடிய வேண்டுமே. மதுரை வரைக்கும் ஒவ்வொரு சிக்னலையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தாயாம். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கக் கூலியாட்கள் காத்திருந்தார்களாம். வண்டி லேட் என்று ஒருத்தர் உன்னிடம் கோபப்பட்டாராம்.

வீட்டுக்கு வந்து பாத்ரூமுக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தமும் இல்லை. உங்கம்மா கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்து என்னைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு வந்த நாட்களை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாயோ தெரியாது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோவாய். ஆட்டுக்கறி வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் வாந்தி எடுப்பாய். லீவு போட்டிருந்தாய். பாஸ்டர் வந்து ஜெபித்தார். உன்னோடு வேலை செய்கிறவர்கள் வந்து, இது சகஜம், எல்லாருக்கும் ஒருதடவை வரும், உன் மேல் என்ன தப்பு என்றார்கள். எனக்கும் வேறு எதுவும் தெரியாததால் நானும் அதையே சொன்னேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பெண் பார்க்க வருவதாக இருந்த திண்டுக்கல்காரர்கள் வரவில்லை. அவர்கள் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், எம்புள்ள எனக்குப் பேசுனாப் போதும்" என்று உங்கம்மா அடுப்படியில் அழுவாள்.

அந்தச் சமயத்தில்தான் கூரியர்காரர் சிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை பாப்பா. உனக்குப் பிடித்த காரியம், இதைச் செய்தால் மாடிக்கு வருவாய் என்று மட்டும்தான் தோன்றியது. லேப்பில் உட்கார்ந்து என்ஜினைத் திறந்து, பல்லுக்குக் கம்பி வைக்கிற சாமானை வைத்துச் சிப்பைப் பொருத்தினேன். "பாப்பா, வந்து எண்ணை மட்டும் பதிஞ்சு கொடு, எனக்குத் தெரியலை" என்றேன். நீ வந்தாய். பல நாள் கழித்து மாடிப்படி ஏறினாய். பதிந்தாய், ஓட்டிப் பார்த்தாய், திருத்தினாய். கடைசியில் நீ சொன்ன மாதிரியே குமிழை மூடின பிறகும் வண்டி கூட்ஸ் ஷெட்டைத் தாண்டி, பிளாட்பாரத்தைத் தாண்டி, முக்கால் சுற்று ஓடித்தான் நின்றது. நான் கைதட்டினேன். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நீ என் பக்கம் திரும்பவில்லை. நாகமலை வளைவுக்கு இந்தப் பக்கம் போய் நின்று, தண்டவாளத்தின் மேல் உன் இடது கையை வைத்தாய். வலது கையில் குமிழ். வண்டி வளைவைத் திரும்பி மூக்கை நீட்டினதும் மூடினாய். அது வந்து உன் கையில் இடித்தது. மறுபடி ஓட்டினாய், மறுபடி மூடினாய், மறுபடி இடித்தது. வலிக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை, பொம்மை வண்டிதான். ஆனால் ஸ்டோன் ஊற்றின வேகன்கள், கையைத் தள்ளிக்கொண்டே வந்தன. நான் "போதும் பாப்பா" என்றேன். உனக்குக் கேட்கவில்லை. இடம் மாற்றி மாற்றி மூடிக்கொண்டே இருந்தாய். வண்டி மலைக்கு அந்தப் பக்கம், பாலத்துக்கும் முன்னால் இருக்கும்போதே மூடிப் பார்த்தாய். அப்போதுதான் கைக்கு முன்னால் வந்து நின்றது.

"அங்க வச்சுப் போட்டாத்தான் நிக்குதுப்பா" என்றாய்.

"சரி."

"அங்கருந்து பார்த்தா மலைதான் தெரியும். என் கை தெரியாது."

"தெரியாதும்மா."

"நான் பார்க்கவே முடியாத இடத்துல போட்டிருக்கணும். அப்ப நான் லேட்டாப் பார்க்கலைல்லப்பா? பார்க்க முடிஞ்சப்பவே பார்த்துட்டேன்ல?"

"பார்த்துட்ட."

அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாய். அது நடந்த பிறகு நீ அழுதது அன்றுதான். உங்கம்மா ஓடிவந்து என்னைத் திட்டினாள், என்ன பண்ணினீர்கள் பிள்ளையை என்று. அந்த மேசை உனக்கு ஆறுதல் தந்ததா, ஆறுகிற புண்ணைக் கிளறியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மனிதர் எப்படியும் செத்திருப்பார் என்பதை மட்டும் அது நிரூபித்தது. அதை வைத்துக்கொண்டு ஒருத்தி எவ்வளவு நாள் சமாதானமாக இருக்க முடியும்?

அடுத்த வாரம் "அவங்க வீட்டுக்குப் போகணும்ப்பா" என்றாய். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு என் பைக்கிலேயே கூட்டிக்கொண்டு போனேன். சமயநல்லூரில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். ஆடு அடைக்கிற இடத்தை இறந்தவரின் மனைவி கூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஆடு எதுவும் இல்லை.

"யார் வேணும்?"

"அன்னைக்கு அந்த வண்டியில வந்தது நான்தான்மா."

அவர் விளக்குமாற்றைக் கீழே போடவில்லை. "ஓட்டுனது நீயா?"

"ஓட்டுனது சார். நான் பக்கத்துல இருந்தேன். முதல்ல பார்த்தது நான்தான்."

"சத்தம் கொடுத்தியா?"

"கொடுத்தேம்மா. கையை எடுக்கவே இல்ல."

"ஆட்டுக்குட்டிக்காகத் திரும்புனாருன்னு போலீஸ்காரவுக சொன்னாக. நெசமா?"

"நெசந்தான்மா. கருப்புக்குட்டி. தூக்கி அந்தப் பக்கம் எறிஞ்சாரு. அது தப்பிச்சிருச்சு."

"தெரியும். வித்தாச்சு." பிறகு கேட்டார். "உன்னையப் பார்த்தாரா?"

நான் உன் கையைப் பிடித்தேன், நீ விடுவித்துக்கொண்டாய். "பார்த்தாரும்மா" என்றாய். "பயந்த மாதிரி இல்ல. என்ன சொல்லன்னு தெரியல. பார்த்தாரு."

அந்த அம்மா நம்மை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை. "சரி. வந்து சொன்ன, கேட்டுக்கிட்டேன். போயிட்டு வான்னு சொல்ல மாட்டேன் தாயி. இனிமே இந்தப் பக்கம் வராத. போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கூட்ட ஆரம்பித்தார். வரும் வழியில் பரவை மார்க்கெட் பக்கம் வந்ததும் என் தோளைத் தட்டி, "அப்பா, பசிக்குது" என்றாய். ரோட்டோரக் கடையில் நிறுத்தினேன். நீ சாப்பிடுவதை நான் பார்ப்பது உனக்குத் தெரியக் கூடாது என்று லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வேலைக்குத் திரும்பினாய். மாடிக்கு மட்டும் வருவதில்லை. நான் வண்டியை நிறுத்தவில்லை. நீ டியூட்டிக்குக் கிளம்பினால், லேப் வேலை முடிந்து வந்ததும் மேலே போய்ச் சரக்கு வண்டி ஒன்றைக் கிளப்புவேன். அட்டையைப் பார்த்துக் கொண்டுபோய் ஷெட்டில் வைப்பேன். நீ போனில் "லூப்ல கிடக்கோம்" என்று எழுதினால் நானும் என் வண்டியை லூப்பில் ஒதுக்குவேன். நீ கிளம்பியாச்சு என்று சொன்னால்தான் எடுப்பேன். சில நாள் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நின்றுகொண்டிருக்கும். "உங்க பொம்மை வண்டி நகந்தாத்தான் அவ வண்டி நகருமா? வந்து சாப்பிடுங்க" என்பாள் உங்கம்மா. அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் வண்டி எங்கோ நிற்கும்போது நான் இங்கே சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருக்க முடியவில்லை, அம்புட்டுதான்.

இரண்டாவது தடவை நடந்தது திருமங்கலம் பக்கம். நீ வழக்கமான நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வந்தாய். குளித்தாய். தோசை கேட்டாய். இரண்டாவது தோசைக்குச் சட்னி போதவில்லை என்று கிண்ணத்தை நீட்டினாய். சாப்பிட்டுக்கொண்டே, "இன்னைக்கும் ஒண்ணு அடிபட்டுருச்சும்மா" என்றாய். உங்கம்மா கையில் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நீ சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கினாய். நன்றாகவே தூங்கினாய், எட்டிப் பார்த்தேன். "கர்த்தர் கிருபை, பிள்ளைக்குப் பழகிருச்சு" என்று உங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் உன்னிடம் கேட்டேன், யார் என்று.

"யாரோ பெரியவருப்பா. அவராத்தான் வந்து நின்னாரு. நாம என்ன செய்ய முடியும்?"

"என்ன உடுத்தியிருந்தாரு?"

"பாக்கலப்பா. ஹாரனை அழுத்திட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். அப்பிடித்தான் செய்யணும்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் நல்லது. நீங்க ஏன் இதெல்லாம் கேக்குறீங்க?"

முதல் தடவை நீ சாப்பிடாமல் கிடந்தபோது, என் மகளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்தேன். இந்தத் தடவை நீ சட்னி கேட்டபோது அதைவிடப் பயந்தேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் லேப்பில் பல் செட் தயாராகி, வாங்கிக்கொள்ள ஆள் வராமல் போவதுண்டு. விசாரித்தால் இறந்துவிட்டார் என்பார்கள். முதன்முதலில் அப்படி ஒரு செட் நின்றபோது அதைத் தூக்கிப்போட மனம் வராமல் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அந்தப் பல்லோடு அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பல நாள் வேலை செய்தேன். இப்போது அப்படி வந்தால் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுக்கிறேன். எப்போதிலிருந்து அப்படி ஆனேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அது நமக்குத் தெரியாமலேயே நடந்துவிடும். என் குப்பைக் கூடையில் விழுவது பிளாஸ்டிக். உன் வேலையில் அப்படி இல்லை.

முந்தாநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் நீயாகவே சொன்னாய். "இனிமே கண்ணை மூட முடியாதுப்பா. பிரேக் என் கையிலதானே இருக்கும்." சொல்லிவிட்டுச் சேலையை மடித்துக்கொண்டே இருந்தாய். நான் மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாய்.

வேலையை விட்டுவிடு என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுதிவிட்டுக் கிழித்தேன். நீ விட்டால் அந்த இருக்கையில் இன்னொருவர் பெண் உட்காருவாள், அரிசியும் சிமென்டும் வந்துகொண்டுதான் இருக்கும். அதுவும் போக, நீ விட மாட்டாய். அதனால் முந்தாநாள் மாடியில் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். மூடாதே. செய்ய வேண்டியதை எல்லாம் செய், பிரேக்கைப் போடு, ஹாரனை விடாதே, கண்ணைத் திறந்து வைத்திரு. வந்து நிற்கிறவர் ஆணா பெண்ணா, வயதென்ன, கையில் என்ன வைத்திருந்தார், பார்த்துக்கொள். அந்தக் கடைசி நேரத்தில் அவர்களைப் பார்க்க உலகத்தில் உன்னைத் தவிர வேறு ஆள் இருக்காது. சமயநல்லூரில் அந்த அம்மா உன்னிடம் கேட்டதற்கெல்லாம் உன்னால் பதில் சொல்ல முடிந்தது. கண்ணைத் திறந்திருந்ததால்தான் முடிந்தது.

பார்த்ததைத் தனியாக வைத்துக்கொள்ளாதே. அன்றைய வேலை முடிந்து, நீங்கள் தங்குகிற ரன்னிங் ரூமுக்கு வந்ததும் எனக்கு போன் பண்ணு. உங்கம்மாவிடம் வேண்டாம், அவள் தாங்க மாட்டாள். எந்த நேரமானாலும் எடுப்பேன். சகஜம் என்று சொல்ல மாட்டேன். நீ என்ன செய்ய முடியும் என்றும் சொல்ல மாட்டேன். நீ எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் போனை வைக்க மாட்டேன். அதன் பிறகு நான் தூங்காமல் கிடந்தால் கிடக்கிறேன், அது என் பாடு. எனக்கும் வயதாகிறது. என் காலத்துக்கு அப்புறம் சொல்ல ஒருவரைத் தேடிக்கொள். கட்டிக்கொள்ளப் போகிறவன் இதையெல்லாம் காதுகொடுத்துக் கேட்கிறவனாக இருந்தால் கட்டிக்கொள். "வீட்டுக்கு வந்தா அந்தப் பேச்சை எடுக்காத" என்கிறவனாக இருந்தால், எவ்வளவு நல்ல இடமானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. உங்கம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வண்டிக்குக் குறுக்கே இனி ஒரு ஜீவனும் வரக் கூடாது என்று அவள் தினமும் ஜெபிக்கிறாள். அவளுக்காக நானும் பக்கத்தில் முழங்கால் போடுகிறேன். ஆனால் இந்த வாரம் நம் தெருவிலும் அடுத்த தெருவிலும் வண்டி ஓட்டி ரிடையரான பெரியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டுவிட்டு வந்தேன். தன் வண்டியில் ஒரு ஆள்கூட அடிபடாமல் வேலைக்காலத்தை முடித்தவர் அவர்களில் யாரும் இல்லை. சிலர் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் வாசல் வரை வந்து, இதுவரை தன்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வருவார்கள் பாப்பா. வந்தால், பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடு.

அப்பா